நிற்காத பெடல்

அத்தியாயம் 6

"ஒரே ஒரு கையெழுத்துதாம்மா. போட்டுட்டா விஷயம் இந்த ரூமைத் தாண்டாது," என்றார் மேனேஜர்.

"தாண்டட்டும் சார். தெருவுக்கே போகட்டும்," என்றாள் பம்பரம்.

மேஜை மேல் ஒரு தாள் கிடந்தது. நேற்று மதியம் கேட் காவலாளியைச் சைக்கிளால் இடித்துத் தள்ளிவிட்டு ஓடியது நான்தான், மன்னித்துவிடவும் என்று டைப் அடித்து, கீழே ஒரு கோடும் போட்டு வைத்திருந்தார்கள். மேனேஜர் பேனாவை அவள் பக்கம் நகர்த்தினார். இது மூன்றாவது தடவை. மூன்றாவது தடவையும் அவள் அதை அவர் பக்கமே உருட்டிவிட்டாள்.

அந்தக் கூரியர் கம்பெனியில் சைக்கிளில் பார்சல் கொண்டுபோகிறவர்கள் ஒன்பது பேர். அதில் பெண் என்று இவள் ஒருத்திதான். ஒரு இடத்தில் கால் தரிக்காது என்று பம்பரம், பம்பரம் என்று கூப்பிடப் போய், பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு நின்றுவிட்டது. அந்த அட்டைக்குத்தான் இப்போது ஆபத்து.

"நாலு மணிக்குத் தலைமை ஆபீஸ்லருந்து விசாரிக்க ஆள் வர்றாரு. அதுக்குள்ள கையெழுத்து வரலைன்னா அட்டையை வாங்கிக்கிட்டு உன்னை போலீஸ்ல விடறதைத் தவிர எனக்கு வேற வழியில்ல."

"செய்யலைன்னு நாலு தடவை சொல்லிட்டேன். அஞ்சாவது தடவை எந்த ராகத்துல வேணும்?"

கதவோரம் நின்றிருந்த டெய்லருக்குச் சிரிப்பு வந்தது. அண்ணி முழங்கையால் ஒரு இடி இடித்தாள். வந்த சிரிப்பு வந்த வழியே போய்விட்டது.

டெய்லர் காலையில் துணி தைப்பான், மதியத்துக்கு மேல் அண்ணியோடு துப்பறிவான். அண்ணி என்றால் சொந்த அண்ணன் பெண்டாட்டி. ரயில் நிலையத்தில் தொலைந்த பொருள் கவுண்டரில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்தவள். கறுப்புக் குடை, வளைந்த கைப்பிடி என்று ஐந்து பேர் வந்து நின்றால், குடையைத் தொலைத்தவன் எவன், குடைக்கு ஆசைப்பட்டவன் எவன் என்று முகத்தைப் பார்த்தே பிரித்துவிடுவாள். கவுண்டரை விட்டு வந்த பிறகு டெய்லர் கடை மாடியில் ஒரு மேஜை போட்டு, தொலைந்த பொருளுக்குப் பதில் தொலைந்த உண்மையைத் தேடிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நேற்று சாயங்காலம் பம்பரம் மாடி ஏறி வந்து கேட்டது ஒன்றைத்தான். "நான் செய்யலைங்கிறதை யாராவது ஒருத்தர் கண்டுபிடிச்சுக் குடுக்கணும்."

"சார், அந்தச் சைக்கிளை நாங்க பார்க்கலாமா?" என்றாள் அண்ணி.

"தாராளமா பாருங்க. பார்த்தா உங்களுக்கே புரியும். அந்தப் பெடல்ல இவளைத் தவிர வேற யாரும் கால் வைக்க முடியாது. எனக்குச் சைக்கிளைப் பத்தி அ, ஆ கூடத் தெரியாது. நேத்து அந்த நேரம் நான் பின்பக்க கோடவுன்ல இருந்தேன். ஆனா இதைச் சொல்ல சைக்கிள் தெரிய வேண்டாம். கண்ணு இருந்தாப் போதும்."

மணி ஒன்று.

கேட்டிலிருந்து பின்கட்டுக்கு ஒரு சிமெண்ட் சரிவு இறங்கியது. லாரி இறங்கி ஏறுகிற சரிவு, நடந்தாலே முட்டி முன்னால் போகும். அதன் தலைப்பில் சுவரில் புதுப் பலகை: சைக்கிள்கள் கேட்டில் நிற்கக் கூடாது, பின்கட்டில் மட்டும். அந்தப் பலகைக்கு நேர் கீழேதான் பம்பரம் போன வாரம் முழுக்க வண்டியை நிறுத்தியிருக்கிறாள்.

"பலகையைப் படிக்கலையா?" என்றான் டெய்லர்.

"படிச்சேன். அதனாலதான் அங்க நிறுத்தினேன். ஒரு நாளைக்கு நாப்பது தடவை வெளிய போய் வர்றோம். நாப்பது தடவை இந்தச் சரிவுல இறங்கி ஏறினா அதுக்குன்னு தனியா ஒரு ஜோடி கால் வேணும். ஒன்பது பேரும் முடியாதுன்னு எழுதிக் குடுத்தோம். எழுதினது நான்."

டெய்லருக்கு மேனேஜரின் பேனா எதற்கு அவ்வளவு அவசரப்படுகிறது என்பது லேசாகப் புரிந்தது.

நேற்று நடந்ததை அவள் நாலே வார்த்தையில் சொன்னாள். வண்டியைப் பலகைக்குக் கீழே விட்டுவிட்டு அதே கட்டடத்தில் மூன்றாம் மாடிக்குப் போனாள். பார்சல் வாங்க வேண்டியவர் சீட்டில் இல்லை. இருபது நிமிஷம் தனியாகக் காத்திருந்தாள். இறங்கி வந்தால் சரிவின் நடுவில் காவலாளி கிடக்கிறார், சரிவின் அடியில் சுவரோரம் அவள் வண்டி கிடக்கிறது, மேனேஜர் நடுவில் நின்று இவளைக் கை காட்டுகிறார்.

"இடிச்சவ வண்டியை அங்கேயே போட்டுட்டா ஓடுவா?" என்றாள் அண்ணி, பாதி தனக்கே.

"பயத்துல ஓடிட்டேனாம். எழுதி வெச்சிருக்காங்க," என்றாள் பம்பரம்.

வண்டி சங்கிலி போட்டுக் கம்பத்தில் கட்டியிருந்தது. மெலிந்த உடம்பு, மட்கார்ட் கிடையாது, முன்பக்கம் மட்டும் ஒரு பிரேக். டெய்லர் குனிந்து பார்த்தான்.

"பெடல் எங்க அண்ணி? யாரோ பழத்தைத் தின்னுட்டுக் கொட்டையை மட்டும் விட்டுட்டுப் போயிருக்கான்."

பெடல் இருக்க வேண்டிய இடத்தில் உள்ளங்கைக்குள் அடங்குகிற இரும்புக் கொட்டை ஒன்றுதான் இருந்தது. இரண்டு பக்கமும் சின்னதாய் ஒரு வாய். பம்பரம் ஷூவைத் தூக்கிக் காட்டினாள். அடியில் ஒரு பள்ளம், பள்ளத்துக்குள் கட்டை விரல் அளவுக்கு ஒரு இரும்புத் துண்டு. அதைப் பெடல் மேல் வைத்து அழுத்தினாள். டக். கால் பெடலோடு ஒட்டிக்கொண்டது. குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினாள். விட்டது.

"கிளிப்லெஸ் பெடல்," என்றாள்.

"கிளிப் இல்லாததுன்னு பேரு. கவ்வுற கவ்வுல கால் வராது போல இருக்கே."

"பேர் வெச்சவனை நான் பார்க்கலண்ணே. பார்த்தா கேட்டுச் சொல்றேன்."

அண்ணி பெடலை விரலால் தட்டினாள். "அப்ப இந்த ஷூ இருக்கிறவங்கதான் இதை ஓட்ட முடியும். உன்கிட்ட இருக்கு. வேற யார்கிட்ட இருக்கு? அதைப் பிடிச்சா ஆளைப் பிடிச்ச மாதிரி."

கேட் ரூமில் காவலாளி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து வலது காலை இன்னொரு நாற்காலியில் நீட்டியிருந்தார். கெண்டைக்காலில் கட்டு. வயசு அறுபதைத் தாண்டிய மனுஷன். சைக்கிள் ஓட்டுகிற ஒன்பது பேருக்கும் அவர் பெரியப்பா. மழை வந்தால் பார்சல்களைத் தன் ரூமுக்குள் அடுக்கி வைத்துவிட்டு வெளியே நனைகிற ஆள்.

"பின்னாலருந்து இடிச்சுது. பார்க்கல," என்றார்.

"சத்தம் கேக்கலையா?"

"கேக்கல."

"இடிச்ச வண்டி எந்தப் பக்கம் போச்சு?"

"பார்க்கலைங்கிறேன்ல."

பதில்கள் எல்லாம் வாசலிலேயே நின்றுகொண்டு கதவைச் சாத்திவிட்டுப் போயின. டெய்லர் ஜன்னலைப் பார்த்தான். கம்பியில் காக்கி பேன்ட் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. அவனுக்குத் தொழில் புத்தி. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் துணியைத்தான் பார்ப்பான்.

"அண்ணே, பேன்ட்டுக்கு சோப்பு போட்டீங்களா, காட்டுனதோட சரியா? வலது கால்ல கறை புள்ளி புள்ளியா அப்படியே இருக்கே. கால் தையலும் விட்டிருக்கு. குடுங்க, அடிச்சுத் தரேன்."

"தரையில எண்ணெய் கிடந்துச்சு. விழுந்தப்ப ஒட்டிக்கிச்சு. தையல் எல்லாம் வேண்டாம்." பெரியவர் எக்கி அந்த பேன்ட்டை இழுத்து, ஈரத்தோடு மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஓசித் தையலை வேண்டாம் என்கிற மனுஷனை டெய்லர் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தான்.

அந்த ஊரில் அப்படிப்பட்ட பெடல் விற்கிற கடை ஒன்றே ஒன்று. கூரையிலிருந்து சக்கரங்கள் தொங்கின. கடைக்காரர் கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு ஒரு சக்கரத்தின் கோணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் கொழுந்தனுக்கு கிளிப்லெஸ் பெடல் வேணும். ஃபிக்ஸட் கியர் வண்டிக்கு," என்றாள் அண்ணி, பம்பரம் தன் வண்டிக்குச் சொன்ன பெயரை அப்படியே.

கடைக்காரர் டெய்லரை மேலிருந்து கீழே பார்த்தார். தைக்க வந்த துணியில் நூல் இற்றுப் போயிருக்கிறதா என்று டெய்லர் பார்க்கிற அதே பார்வை.

"ஃபிக்ஸட் கியர்னா என்னன்னு தெரியுமா?"

"பணக்காரங்க சைக்கிள்."

"ஃப்ரீவீல் கிடையாது. பின்சக்கரம் சுத்தற வரைக்கும் பெடல் சுத்தும். நீ மிதிச்சாலும் சுத்தும், மிதிக்கலைன்னாலும் சுத்தும்."

"என் பெண்டாட்டி வாய் மாதிரி."

"வாயை மூடு," என்றாள் அண்ணி. "எந்தப் பெடல் நல்லது?"

கடைக்காரர் கேள்விக்கு மேல் கேள்வி கேட்டார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை இறங்கணும்? மாடி ஏறணுமா? ரோட்டு ஓரம் நிறுத்தி நிறுத்திப் போறதா, ஒரே மூச்சா போறதா? முட்டி வலி இருக்கா? டெய்லர் எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டான். கடைசியில் கண்ணாடிப் பெட்டியிலிருந்து இரண்டு ஜோடியை எடுத்து வைத்தார்.

"இது பந்தயக்காரங்க பெடல். பெரிசா இருக்கு, கால் நல்லா உக்காரும். ஆனா ஒரு பக்கம்தான் கவ்வும். சாதாரண வண்டில பரவாயில்ல, பெடலை நிறுத்தி நுனிக்காலால திருப்பிப் போட்டுக்கலாம். ஃபிக்ஸட்ல அது உனக்காக நிக்காது, சுத்திக்கிட்டே இருக்கும். நீ சரியான பக்கத்தைத் தேடறதுக்குள்ள சிக்னல் தாண்டிடும். இதோட ஷூவுக்கு அடியில பெரிய கட்டை வேற. மாடிப்படில நடந்தா கண்ணாடி மேல ஆடு நடந்த மாதிரி."

"அப்ப இந்தக் குட்டிப் பெடல்?"

"ரெண்டு பக்கமும் கவ்வும். எந்தப் பக்கம் வந்தாலும் கால் வெச்சா டக். ஷூவுக்குள்ள இரும்பு பதிஞ்சிருக்கும், நடக்கலாம். பார்சல்காரங்க எல்லாம் இதுதான். ஸ்பிரிங்கை முதல்ல தளர்த்தித்தான் வைக்கணும். கால் பழகப் பழக இறுக்கிக்கலாம்."

"இந்த ஷூ எத்தனை பேர் வாங்கியிருக்காங்க?"

"இந்த ஊர்ல பதினாலு ஜோடி போயிருக்கு. அந்தக் கூரியர் கம்பெனில ஒரே ஒரு பொண்ணு. மீதி எல்லாம் ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற பந்தய கிளப். நேத்துக் காலையிலேயே அவங்க மொத்தப் பேரும் போட்டிக்கு வெளியூர் போயிட்டாங்க. மதியம் அங்கருந்து ஷூவோட போட்டோ போட்டாங்க."

அண்ணி நோட்டை மூடினாள். ஒரே ஒரு துப்பு இருந்தது, அதுவும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய் வெளியூர் வண்டி ஏறிவிட்டது. டெய்லர் மணியைப் பார்த்தான். இரண்டு.

"ஷூ மாட்டு, பின்சந்துல ஓட்டிப் பாரு," என்று கடைக்காரர் ஒரு வண்டியை உருட்டி வந்தார்.

"ஷூ வேண்டாம்," என்றாள் அண்ணி. "செருப்போடயே ஏறு."

"அண்ணி, கொட்டை மேல செருப்பு நிக்காது."

"நிக்காதுன்னுதான் மேனேஜரும் சொல்றாரு. யாராவது நின்னு பார்த்தாங்களா? ஏறு."

டெய்லர் ஏறினான். ஆச்சரியம்தான், செருப்பு நின்றது. உள்ளங்கால் நடுவில் கல் மாட்டின மாதிரி உறுத்தியது, வழுக்கப் பார்த்தது, ஆனாலும் நின்றது. பத்து அடி போனான். இருபது அடி போனான். பின்னால் திரும்பி, "அண்ணி, நான் வேணா பார்சல் கொண்டுபோகப் போயிடட்டுமா?" என்றான்.

அங்கே சந்து கொஞ்சம் இறங்கியது. இறக்கம் வந்ததும், சின்ன வயசிலிருந்து அவன் கால் செய்கிற வேலையை அது அவனைக் கேட்காமலே செய்தது. மிதிப்பதை நிறுத்தியது.

வண்டி நிறுத்தவில்லை. அடியிலிருந்து பெடல் மேலே வந்து காலைத் தூக்கி எறிந்தது. செருப்பு ஒரு பக்கம் பறந்தது. கால் கீழே தொங்கியது, அடுத்த சுற்று வந்த பெடல் கெண்டைக்காலில் ஒரு கடி கடித்தது. அப்புறம் தெருவும் டெய்லரும் ஒன்றாக இருந்தார்கள்.

அண்ணியும் கடைக்காரரும் ஓடி வந்தார்கள். டெய்லர் உட்கார்ந்து, வலது கால் பேன்ட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு பார்த்தான். வாயைத் திறக்கவில்லை. அவன் வாயைத் திறக்காமல் இருந்ததைப் பார்த்துத்தான் அண்ணி பயந்தாள்.

"தலைல அடியா?"

"இல்ல அண்ணி. இதைப் பாருங்க." கால் மடிப்பிலிருந்து நாலு விரல் மேலே, உள்தையலை ஒட்டி, கறுப்பாக வரிசையாகப் பல் பதிந்திருந்தது. செயின் ஓடுகிற சக்கரத்தின் பல்.

"வண்டில ஏறினா எல்லாருக்கும் படறதுதான்," என்றார் கடைக்காரர். "செயின் வலது பக்கம்தானே."

"உள்பக்கம் அண்ணி," என்றான் டெய்லர். "வலது கால். உள்தையல். கேட் ரூம்ல காய்ஞ்ச பேன்ட்லயும் இதே இடம், இதே பல். தரையில கிடந்த எண்ணெய் பல்லு வெச்சுக்கிட்டா கிடக்கும்?"

அண்ணி அவன் பக்கத்தில் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"வண்டியால இடிபட்டவனுக்கு வெளிக்கால்ல படலாம், பின்னால படலாம். உள்கால்ல படணும்னா வண்டி ரெண்டு காலுக்கும் நடுவுல இருந்திருக்கணும்." கொஞ்சம் யோசித்தாள். "ஷூ இருக்கிறவனைத் தேடிட்டோம் தம்பி. ஏறுறதுக்கு ஷூ வேண்டாம். விழாம இருக்கத்தான் வேணும்."

மூன்றேகாலுக்குக் கேட் ரூமில் பெரியவர் முன்னால் அண்ணியும் டெய்லரும் பம்பரமும் நின்றார்கள். டெய்லர் தன் வலது காலை நாற்காலியில் தூக்கி வைத்து, பெரியவர் மடியில் இருந்த பேன்ட்டை மெதுவாக எடுத்துப் பக்கத்தில் விரித்தான்.

"எனக்கு ஆறு பல்லு. உங்களுக்கு ஏழு. வண்டிக்கு உங்க மேல பாசம் ஒரு பல்லு ஜாஸ்தி."

பெரியவர் பம்பரத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

"தள்ளிக்கிட்டுத்தான் போனேன்," என்றார் கடைசியில். "கேட்ல நிக்கிற சைக்கிளை எல்லாம் பின்கட்டுக்குக் கொண்டுபோன்னு உத்தரவு. என் முட்டிக்குத் தள்ளிக்கிட்டு இறங்கறது ஆகாது. நின்னு நின்னு போனேன். மேல ஜன்னல்லருந்து மேனேஜர் கத்தினாரு, நொண்டிக்கிட்டே போனா பொழுது போயிடும், ஏறிக்கிட்டுப் போய்யான்னு. நாப்பது வருஷம் சைக்கிள் மிதிச்சவன்மா நான். இறக்கம் வந்தா காலை நிறுத்திட்டு சும்மா உக்காந்து வருவேன். ஒரு நாள்ல அந்த நிமிஷம்தான் உடம்புக்கு ஓய்வு. இது நிக்கல. தூக்கிப் போட்டுருச்சு."

"அப்புறம் ஏன் பம்பரம் இடிச்சான்னதுக்குத் தலையை ஆட்டினீங்க?" என்றாள் அண்ணி.

"கிடந்த இடத்துக்கே வந்து கேட்டாரு. பம்பரம் இடிச்சாளா, இல்ல நீ டூட்டில இருக்கறப்ப அடுத்தவ வண்டில ஏறி உடைச்சியா, ரெண்டுல எதுன்னாரு. ஏறச் சொன்னது நீங்கதானேன்னு நான் அவரைப் பார்த்தேன். அவர் பார்வை வேற மாதிரி இருந்துச்சு. எனக்கு இந்த நாற்காலி போனா வேற நாற்காலி கிடையாதும்மா."

டெய்லர் பம்பரத்தைப் பார்த்தான். இப்போது வெடிப்பாள் என்று நினைத்தான். அவள் குனிந்து பெரியவரின் கட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"எலும்புக்கு ஒண்ணும் இல்லையே பெரியப்பா?"

அவர் தலையை அசைத்தார்.

"உங்க பேரை நான் எடுக்க மாட்டேன். அந்தத் தாள்லயும் கையெழுத்துப் போட மாட்டேன். பிடுங்கறதைப் பிடுங்கிக்கட்டும்." நிமிர்ந்து வெளியே போய்விட்டாள்.

டெய்லர் அண்ணியின் பக்கம் திரும்பினான். "உண்மை கையில இருக்கு அண்ணி. மடிச்சு வெச்சுட்டுப் போறா. பெரியவரை ரெண்டு தோள்லயும் பிடிச்சுத் தூக்கிட்டுப் போயிடலாம், நான் ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம்."

"தூக்கிட்டுப் போன சாட்சி அங்க போய் வேற கதை சொல்லும். கவுண்டர்ல பார்த்திருக்கேன். வா."

தலைமை ஆபீஸிலிருந்து வந்தவர் நிறையப் பேசாத ஆள். புகாரை முன்னால் விரித்து வைத்து, வரிக்கு வரி விரலை ஓட்டிக்கொண்டு படித்தார். பம்பரம் எதிரே நின்றாள். உட்காரச் சொன்னதற்கு மாட்டேன் என்றுவிட்டாள்.

"நீ இடிக்கல. சரி. வேற யார் ஓட்டினது?"

"அதைச் சொல்ல மாட்டேன்."

"தெரியுமா தெரியாதா?"

"தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன் சார். நான் செய்யலைங்கிறதை மட்டும் எழுதிக்குங்க."

மேனேஜர் கையை விரித்தார். "பார்த்தீங்களா சார், இதுதான் இவ. பெடல்ல கால் வைக்கவே முடியாது, வேற யாரு ஓட்டியிருப்பா?"

"முடியும்," என்றாள் அண்ணி. "செருப்போட முடியும். வண்டி கீழதான் இருக்கு, சரிவும் இருக்கு. சார், நீங்க ஒரு தடவை ஏறிப் பாருங்களேன். காலே நிக்கலைன்னா இந்தப் பொண்ணு தப்பு செஞ்சதா நானே சாட்சிக் கையெழுத்துப் போடறேன்."

"நான் ஏறணுமா?" மேனேஜர் சிரித்தார். "நல்லா இருக்கே. பாதிச் சரிவுல தூக்கி எறியும், உங்களுக்கு வேடிக்கையா இருக்கும்."

"எறியுமா?"

"காலை நிறுத்தினா எறியாம என்ன செய்யும்?"

அண்ணி மேனேஜரையே பார்த்தாள். கவுண்டரில் குடைக்கு ஆசைப்பட்டவனை அவள் இப்படித்தான் பார்ப்பாள், கோபமே இல்லாமல்.

"எனக்கு இது ரெண்டு மணிக்குத்தான் தெரியும். என் கொழுந்தன் பேன்ட்டைக் கிழிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். உங்களுக்குச் சைக்கிள்ல அ, ஆ தெரியாது. நேத்து கோடவுன்ல இருந்தீங்க. பாதிச் சரிவுல, காலை நிறுத்தினதும் எறியும்னு எந்த ஜன்னல்லருந்து பார்த்தீங்க?"

தலைமை ஆபீஸ்காரரின் விரல் புகாரின் நடுவரியில் நின்றது.

"யாரோ சொன்னாங்க," என்றார் மேனேஜர்.

"யாரு?" என்றார் தலைமை ஆபீஸ்காரர்.

"பசங்கதான், யாரோ."

"யாருன்னு கேட்டேன்."

வெளியே வராந்தாவில் ஒரு சத்தம் கேட்டது. ஒரு கால் வைத்து, இன்னொரு காலை இழுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு யாரோ வருகிற சத்தம். இரண்டு மாடி ஏறின மூச்சு. கதவில் பெரியவர் நின்றார். காக்கி பேன்ட் கையில் இருந்தது.

பம்பரம் வேகமாகத் திரும்பினாள். "பெரியப்பா, நீங்க எதுக்கு, போங்க கீழ."

"நீ சும்மா இரும்மா," என்றார் அவர்.

டெய்லர் நாற்காலியை இழுத்துப் போட்டான். பெரியவர் அதைத் தள்ளிவிட்டார்.

"நேத்துப் பூரா விழுந்து கிடந்தாச்சு. நின்னே சொல்றேன்."

சொன்னார். கூட்டிச் சொல்லவில்லை, குறைக்கவும் இல்லை. உத்தரவு, முட்டி, ஜன்னல், இறக்கம். பல் பதிந்த இடத்தை மேஜை மேல் விரித்துக் காட்டினார். மேனேஜர் இரண்டு தடவை குறுக்கே வாயைத் திறந்தார். தலைமை ஆபீஸ்காரர் இரண்டு தடவையும் பேனாவைத் தூக்கிக் காட்டி மூட வைத்தார்.

எல்லாம் முடிந்ததும் அவர் புகாரை எடுத்து, பம்பரத்தின் பெயர் இருந்த இடத்தில் ஒரு கோடு இழுத்தார். கோடு தாளைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்தமாக விழுந்தது. டெய்லர் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் அந்தக் கோட்டைப் பார்க்கவே இல்லை. பெரியவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரியவரே," என்றார் தலைமை ஆபீஸ்காரர். "நேத்து ஒண்ணு சொன்னீங்க. இன்னிக்கு ஒண்ணு சொல்றீங்க. டூட்டி நேரத்துல அடுத்தவங்க வண்டியை ஓட்டினேன், பொய் சொன்னேன்னு ஆகுது. இதை எழுதிட்டா அப்புறம் அழிக்க முடியாது. யோசிச்சுக்குங்க."

"யோசிச்சுத்தான் மாடி ஏறினேன்."

"வேலை போகலாம்."

"அவரை அனுப்பினீங்கன்னா நாளைக்குக் காலையில ஒன்பது வண்டியும் அந்தப் பலகைக்குக் கீழதான் நிக்கும். பார்சல் எடுக்காது," என்றாள் பம்பரம்.

பெரியவர் அவள் பக்கம் கையைக் காட்டி அமர்த்தினார். மேஜைக்கு இன்னும் ஒரு அடி கிட்டே வந்து, கோடு விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் விரலை வைத்தார்.

"இந்த இடத்துல என் பேரை எழுதுங்க சார். எழுத்து தப்பாம எழுதுங்க. அதுக்கு மேல ஒரு வரி விடுங்க."

"மேல எதுக்கு?"

"ஏறச் சொன்னவர் பேரை எழுதறதுக்கு," என்றார் பெரியவர்.